மாப்பிள்ளை, மணல், மோல்டு

சனிக்கிழமை விடிகாலை சேரன் எக்ஸ்பிரஸ் என்னைக் கோயமுத்தூர் ஜங்ஷனில் உதிர்த்தபோது, பிளாட்பாரத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார். கையில் மஞ்சள் பை. உள்ளே ஏதோ கனமாக இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்த மச்சானுக்குத் தங்கை இட்லி கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோய்ப் பையைப் பிரித்தேன். துருப்பிடித்த இரும்பு.

"இம்பெல்லர் மச்சான். இதுதான் நம்ம எதிர்காலம்" என்றார்.

எதிர்காலம் ஐந்தங்குல விட்டத்தில், கிரீஸ் வாசனையோடு இருந்தது.

உண்மையில் நான் வந்தது தங்கைக்காக. வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணி, "அண்ணா, ஒரு நடை வந்துட்டுப் போயேன். என் ஆரத்தை பேங்க்ல வெச்சாச்சு. திங்கக்கிழமை யாருக்கோ அட்வான்ஸ் குடுக்கறாராம். நான் கேட்டா ‘உனக்கு என்ன தெரியும்’ங்கறார். நீ அக்கவுண்ட்ஸ்தானே, நீ கேளு" என்றாள். பி.காம். படித்தவனுக்குத் தங்கை புருஷனிடம் கணக்குக் கேட்கிற தைரியம் வரும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் உத்தரவாதம் கொடுத்ததில்லை. இருந்தாலும் கிளம்பிவிட்டேன்.

மாப்பிள்ளைக்குச் சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. பழைய மோனோபிளாக் பம்புகள் நிறைய வரும். மோட்டார் நன்றாக இருக்கும். உள்ளே சுழன்று தண்ணீரை வெளியே வீசுகிற சக்கரம், அதாவது இம்பெல்லர், மட்டும் தேய்ந்திருக்கும். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷம். ஸ்பேர் கிடையாது. ஒரு சக்கரத்துக்காகப் பம்பையே எடைக்குப் போடுகிறார்கள். அந்தச் சக்கரத்தை நாமே செய்து விற்றால் என்ன என்பது மாப்பிள்ளையின் யோசனை. நல்ல யோசனைதான். ஆரம் பேங்குக்குப் போகும் வரைக்கும் நல்ல யோசனை.

"எதுல செய்யப் போறீங்க மாப்ளே?"

"பிளாஸ்டிக். இரும்பு துருப்பிடிக்குது மச்சான். அபார்ட்மென்ட்ல ரெண்டு மாசம் ஓட்டாம விட்டா இறுகிப்போயிடுது. இப்ப போர்வெல் சப்மெர்சிபிள்ல பாதிக்கு மேல நோரில்தான். மோல்டு ஒண்ணு போட்டாச்சுன்னா சடசடன்னு அடிச்சுத் தள்ளிடலாம்."

நோரில் என்பது ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, எடை இல்லை. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. முழுக்கத் தப்பாகப் பேசுகிறவரோடு சண்டை போடுவது சுலபம்.

பத்து மணிக்குக் குறிச்சி சிட்கோ எஸ்டேட்டில் இருந்தோம். அட்வான்ஸ் வாங்கவிருந்தவரின் டூல் ரூம். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே தேடிக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரர். ஆள் ரொம்ப நல்ல மாதிரி. வந்த வேலையை விட்டுவிட்டு முதலில் மிஷினைக் காட்டினார்.

அதைப் பார்க்காமல் திரும்பியிருந்தால் நஷ்டம் எனக்குத்தான். மேலே ஒரு தொட்டியில் பிளாஸ்டிக் குருணை, கோழித்தீவனம் மாதிரி. கீழே சூடான குழாய்க்குள் ஒரு திருகு சுழன்று, குருணையை உருக்கி முன்னால் தள்ளுகிறது. இரும்பு அச்சின் இரண்டு பாதிகளும் ‘டப்’ என்று மூடிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் அழுத்தத்தோடு உள்ளே பாய்கிறது. அச்சுக்குள் ஓடும் தண்ணீர் அதைக் குளிர வைக்கிறது. கதவு திறந்து, ‘சொத்’தென்று நாலு மூடிகள் விழுகின்றன. என் வாட்ச்சில் 28 விநாடி. மறுபடியும் ‘டப்’. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொரு மூடியிலும் வால்போல நீட்டிக்கொண்டிருந்ததைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் பில்லியர்ட்ஸ் என்றால் நம்ப மாட்டீர்கள். யானைத் தந்தத்தில் பந்து செய்து கட்டுப்படியாகவில்லை என்று அமெரிக்காவில் மாற்றுப் பொருள் தேடினார்கள். அந்தத் தேடலில் செல்லுலாய்டில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயாட், 1872-ல் தன் சகோதரரோடு சேர்ந்து இப்படி அச்சுக்குள் செலுத்தும் மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினார். யானை தப்பித்தது. குடம், வாளி, சீப்பு, பேனா மூடி என்று நாம் மாட்டிக்கொண்டோம்.

"வருஷத்துக்கு எத்தனை பீஸ் சார் வேணும்?" என்றார் டூல் ரூம்காரர்.

"அஞ்சாயிரம்" என்றார் மாப்பிள்ளை.

நான் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை ரொம்ப அக்கறையாகக் குருணைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மோல்டு போடலாம். ஆனா ஒண்ணு, இது ரெண்டு மோல்டு" என்றார் அவர். இம்பெல்லரை வாங்கி விரலை உள்ளே விட்டுக் காட்டினார். இரண்டு தட்டுகள், நடுவே வளைந்த இறக்கைகள். "மோல்டு ரெண்டா பிரியறப்ப பீஸ் நேரா கழண்டு வரணும். பீச்சுல பசங்க வாளியில மணலை அமுக்கிக் கவுக்கறாங்க இல்ல, அந்த மாதிரி. வாளி அடியில குறுகலா இருக்கறதாலதான் மணல் வருது. இதுல இறக்கை உள்ள வளைஞ்சு போகுது. மாட்டிக்கும். அதனால மேல்தட்டு தனி, இறக்கையோட கீழ்த்தட்டு தனி. அப்புறம் ரெண்டையும் அல்ட்ராசானிக் வெல்டிங்ல ஒட்டணும். சப்மெர்சிபிள் இம்பெல்லர்லயும் அப்படித்தான் பண்றாங்க."

"எவ்வளவு ஆகும்?" இது நான்.

"ஒண்ணு ரெண்டு பத்து. ரெண்டும் சேர்த்து நாலு இருபது. ஜிஎஸ்டி தனி. முதல் பீஸ் கையில வர ரெண்டு மாசம் ஆகும். அதுக்கப்புறம் பீஸ் அம்பத்தஞ்சு ரூபாய்தான். லட்சம் அடிச்சாலும் மோல்டு தாங்கும்."

நாலு லட்சத்து இருபதாயிரம். தங்கையின் ஆரம் என் கண்முன் ஒருமுறை ஆடிவிட்டுப் போனது.

"சாம்பிள் அளவு கரெக்ட்தானே?" என்று கடைசியாகக் கேட்டார். "ஏன் கேக்கறேன்னா, ஸ்டீலை ஒரு தடவை வெட்டிட்டா மேற்கொண்டு எடுக்கலாம், சேர்க்கறது கஷ்டம். வெல்டிங் வெச்சு, திரும்ப வெட்டணும். அது தனிச் செலவு."

"கரெக்ட் அளவு சார்" என்றார் மாப்பிள்ளை, எதிர்காலத்தைப் பைக்குள் போட்டபடி.

வெளியே வந்து பைக்கில் ஏறினோம். குறிச்சிக் குளக்கரையில், தமிழ் எழுத்துகளைக் கோத்தே செய்து நிறுத்தியிருக்கிற திருவள்ளுவர் தெரிந்தார். அவர் எதிரில் பொய்யைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று பட்டது.

"மாப்ளே, வண்டியை ஓரங்கட்டுங்க. அஞ்சாயிரமா?"

பதில் இல்லை. ஒரு பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போனது.

"குறைச்சுச் சொன்னா மதிக்க மாட்டாங்க மச்சான்."

"நிஜமா எத்தனை?"

"நாலு கடையில கேட்டு வெச்சிருக்கேன். நம்ம கடையையும் சேர்த்தா மாசம் இருபது, இருபத்தஞ்சு போகும்."

அதட்டத்தான் நினைத்தேன். முதுகைப் பார்த்தபோது மனசு வரவில்லை. இருபது வருஷமாக அடுத்தவர்கள் செய்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனிதருக்குத் தன் பேர் போட்ட ஒரு பொருள் சடசடவென்று விழுவதைப் பார்க்க ஆசை. அந்த மிஷினைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஆசை வந்ததே.

"ஒரு பவுண்டரியையும் பாத்துடலாம் மாப்ளே. பாக்கறதுக்குக் காசா?"

உக்கடம், டவுன்ஹால், காந்திபுரம் தாண்டி, சத்தி ரோட்டில் கணபதி. கோயமுத்தூரை வெளியூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீருக்கும் மரியாதைக்கும் புகழ்வார்கள். இந்த ஊரின் நிஜமான வாசனை சுட்ட மணலும் கட்டிங் ஆயிலும்தான். பஞ்சாலைகள் வந்தன, அவற்றுக்கு உதிரிபாகம் வார்க்கப் பட்டறைகள் வந்தன. 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கல்வி நிலையம் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்து கிணறுகளுக்கெல்லாம் பம்பு செட் கேட்டது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின்சார மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். அதற்கப்புறம் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வீட்டுக்குப் பின்னால் லேத் போடாத ஆளைத் தேட வேண்டியிருந்தது.

பவுண்டரி, ஒரு சந்தின் கோடியில். உள்ளே தரை முழுக்கக் கறுப்பு மணல், காபித்தூள் மாதிரி. முதலாளி வெள்ளை வேட்டிப் பெரியவர். வேட்டி எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"வாங்க, வாங்க. காப்பி சாப்பிடறீங்களா? சாயங்காலம்தானுங்க ஊத்துவோம். இருந்து பாத்துட்டுப் போலாமுங்க."

பகலெல்லாம் அச்சு கட்டுவது, பொழுது சாய்கிறபோது ஒரே மூச்சாக ஊற்றுவது. இங்கே அச்சு என்பது இரும்பு அல்ல, மணல். முதலில் பேட்டர்ன் என்கிற மாதிரி உருவம் ஒன்றைச் செய்கிறார்கள், மரத்திலோ அலுமினியத்திலோ. அதை ஒரு சட்டத்துக்குள் வைத்து, களிமண் சேர்த்த ஈர மணலைக் கொட்டி இடிக்கிறார்கள். பேட்டர்னை உருவி எடுத்தால் அதன் வடிவத்தில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பு. ஆறியதும் மணலை உடைத்துப் பீஸை எடுத்துவிட்டு, அதே மணலை மறுபடி சலித்து அடுத்த அச்சு.

"இறக்கை மாட்டிக்காதுங்களா?" என்று, காலையில் கற்ற வித்தையைக் காட்டினேன்.

பெரியவர் சிரித்தார். வளைவு வளைவான ஒரு மணல் கட்டியைக் கையில் கொடுத்தார். கல் மாதிரி இருந்தது. "இது கோருங்க. சிலிக்கேட் கலந்த மணல்ல கார்பன்-டை-ஆக்ஸைடு வாயுவை விட்டா இப்படி இறுகிக்கும். தண்ணி போற வழியை மணல்லயே செஞ்சு உள்ளாற வெச்சுடுவோம். இரும்பு அதைச் சுத்தி உக்காந்துக்கும். அப்புறம் தட்டுனா மணல் உதிர்ந்து போகும், வழி மட்டும் நிக்குமுங்க."

போன வருஷம் சுவாமிமலையில் நடராஜர் வார்ப்பதைப் பார்த்தது ஞாபகம் வந்தது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். மெழுகும் போச்சு, மண்ணும் உடைத்தாயிற்று. ஒரு அச்சுக்கு ஒரே ஒரு நடராஜர். இங்கே மணல்தான் உடைகிறது, பேட்டர்ன் மிஞ்சுகிறது. ஒரு பேட்டர்னில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். குறிச்சியில் அச்சே மிஞ்சுகிறது, லட்சக்கணக்கில் அடிக்கலாம். எது மிஞ்ச வேண்டுமோ அதற்கு முன்பணம் கட்ட வேண்டும்.

பேட்டர்ன் மேஸ்திரியைக் கூப்பிட்டார் பெரியவர். காதில் பென்சில், மூக்கில் மரத்தூள். அவருடைய ஸ்கேலைக் கொஞ்சம் கவனித்தேன். அதில் ஓரடி என்பது நம் ஓரடியைவிட எட்டில் ஓர் அங்குலம் நீளம்! வார்ப்பிரும்பு ஆறும்போது அந்த அளவு சுருங்குமாம். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் ஸ்கேலையே நீட்டி வைத்துவிட்டார்கள். காலேஜ் முடித்த அவர் பையன் பக்கத்தறையில் த்ரீ-டி பிரின்டரில் பேட்டர்ன் அடிக்கிறான். "அவனும் சுருக்கத்துக்குச் சேர்த்துத்தானுங்க போடறான். மிஷினு புதுசு, இரும்பு பழசுதானே" என்றார் மேஸ்திரி.

அவர் எங்கள் இம்பெல்லரை வாங்கினார். வாயைப் பார்த்தார். இறக்கை நுனியை நகத்தால் வருடினார். காலிபர் வைத்து நாலு இடத்தில் அளந்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "இது தேஞ்ச பீஸுங்களே" என்றார்.

"ஆமாங்க, ஓடின பம்புல கழட்டினது."

"இறக்கை நுனி ரெண்டு மில்லி போயிருக்கு. வாயும் அகண்டிருச்சு. இந்த அளவுக்குச் செஞ்சா புதுசே தேஞ்சதாத்தானுங்க பொறக்கும்."

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. இரும்பில் இரண்டு அச்சு வெட்டியிருந்தால் நாலு இருபதும் இந்தத் தேய்மானத்துக்குத்தான் போயிருக்கும்.

"அப்ப என்னங்க பண்றது?" குரல் இறங்கிவிட்டது.

"கணிச்சு ஒரு பேட்டர்ன் பண்ணுவோம். ரெண்டு ஊத்தி, பம்புல போட்டு ஓட்டிப் பாருங்க. தண்ணி ஏறலைன்னா எங்க பத்தலையோ அங்க பட்டி வெச்சுத் தேச்சுடலாம். பேட்டர்ன்தானே, நம்ம கையில இருக்குது."

பேட்டர்னும் கோர் பாக்ஸும் சேர்த்துப் பதினெட்டாயிரம். காஸ்டிங்கும் லேத் வேலையும் சேர்த்து ஒரு இம்பெல்லர் 260 ரூபாய். துருப்பிடிக்கும் என்று மாப்பிள்ளை இழுத்தார். "அதே பேட்டர்ன்ல கன்மெட்டல் ஊத்திக்கலாமுங்க. சுருக்கம் கொஞ்சம் வித்தியாசப்படும், லேத்துல சரிபண்ணிக்கலாம். விலைதான் இரும்பைப் போல ஏழெட்டு மடங்கு. அபார்ட்மென்ட்காரங்க கேட்டா மட்டும் பண்ணிக் குடுங்க" என்றார் பெரியவர்.

ஆறு மணிக்கு ஊற்றினார்கள். உலையைச் சாய்த்ததும் கொட்டகை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம். ஏறக்குறைய 1,400 டிகிரி. இரண்டு பேர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து, ஒவ்வொரு அச்சின் வாயிலும் பால் ஊற்றுகிற நிதானத்தில் ஊற்றினார்கள். மணலிலிருந்து சின்னச் சின்ன நீல ஜ்வாலைகள் எட்டிப் பார்த்தன. யாரும் பேசவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் காலில் ரப்பர் செருப்பு. அதைப் பார்த்தபின் என்னால் வேறெதையும் ரசிக்க முடியவில்லை. பெரியவரிடம் சொன்னேன். "பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்கேனுங்க, வேகுதுன்னு கழட்டிப் போட்டுடறாங்க" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

திரும்பும் வழியில் பேக்கரி. கோயமுத்தூரில் எந்தப் பிரச்னையும் பேக்கரியில்தான் தீரும். தேங்காய் பன்னும் டீயும் வந்தன. பில்லைத் திருப்பிப் போட்டுக் கணக்கெழுதினேன். மோல்டுக்கும் பேட்டர்னுக்கும் வித்தியாசம் 4,02,000. ஒரு பீஸுக்கு பிளாஸ்டிக்கில் மிச்சமாவது 205 ரூபாய். வகுத்தால் 1,961. அத்தனை இம்பெல்லர் விற்ற பிறகுதான் மோல்டு போட்டதில் லாபம் என்று பேச்செடுக்கலாம். மாசம் இருபத்தைந்து என்றால் ஆறரை வருஷம். ஆரத்துக்கு வட்டியைச் சேர்க்கவே இல்லை.

"ஆறரை வருஷத்துல அந்தப் பழைய பம்பெல்லாம் இருக்குமா மாப்ளே?"

பன்னைப் பிட்டுக்கொண்டே வெகுநேரம் பில்லைப் பார்த்தார். "நான் சொன்ன அஞ்சாயிரம் நிஜமா இருந்தா?"

"அஞ்சே மாசத்துல மோல்டு காசு வந்துடும். நானே என் பி.எஃப்.ல லோன் போட்டுத் தரேன்."

முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு போனை எடுத்துக் குறிச்சிக்காரரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். ஸ்பீக்கரில் கேட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். மூடி மாதிரி, கவர் மாதிரி இருந்தா சிலிக்கான் அச்சுல பிளாஸ்டிக் ஊத்தி இருபது, இருபத்தஞ்சு எடுத்துக் குடுப்பாங்க. இது பம்புக்குள்ள சுத்தற சாமான், அது வேண்டாம். ஆர்டர் பெருசாகறப்ப வாங்க" என்றார்.

வீட்டுக்குப் போனபோது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். மாப்பிள்ளை மஞ்சள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, "திங்கக்கிழமை பேங்குக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றார். "எதுக்கு?" "ஆரத்தை எடுக்கத்தான்." அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், எனக்கு மட்டும் இரண்டாவது தடவை காபி கொண்டுவந்தாள்.

அதற்காகப் பவுண்டரி சொர்க்கம் என்று எழுதிவிட மாட்டேன். பேட்டர்னில் இரண்டு தடவை பட்டி வைத்துத் தேய்த்த பிறகுதான் தண்ணீர் மூன்றாவது மாடிக்கு ஏறியது. முதல் தவணை முப்பது பீஸ். லேத்தில் கடையக் கடைய ஏழில் உள்ளே காற்றுப் பொத்தல் வெளிப்பட்டது. வார்ப்படத்தின் சாபக்கேடு இது, மேலே வழவழவென்று இருக்கும். பவுண்டரி மாற்றிக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த ஏழுக்கும் லேத்காரருக்குக் கொடுத்த கூலி போனது போனதுதான். "பிளாஸ்டிக்கா இருந்தா முப்பதும் ஒரே மாதிரி இருந்திருக்கும் மச்சான்" என்று போனில் அரைமணி நேரம் புலம்பினார். உண்மைதான். கேட்டுக்கொண்டேன்.

அந்த ஏழில் ஒன்றைப் பார்சலில் அனுப்பி வைத்தார். என் ஆபீஸ் மேஜையில் வவுச்சர்கள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் மேனேஜர் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"எங்க மாப்பிள்ளை செஞ்சது சார்."

"ஓட்டை இருக்கே?"

"அதனாலதான் சார் இங்க இருக்கு."